இரக்கமும் விதியும்

மட்டக்களப்பு நாட்டின் கல்வி வரலாற்றைச் சொல்லப் புகுவோர் 1814 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டிலேதான் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த போதகர் புளியந்தீவில் வந்திறங்கினார். அவர் தொடக்கிய சிறு பள்ளிக்கூடமே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1820 இல் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி எழுந்தது. அதுவே வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை. 1929 இல் விபுலாநந்த அடிகள் கல்லடியிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாடு முழுவதற்கும் வந்தது. 1981 இல் வந்தாறுமூலையில், அங்கிருந்த மகா வித்தியாலய வளவிலே, பல்கலைக்கழகக் கல்லூரியொன்று திறக்கப்பட்டது; 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

இவ்வாண்டுகளை நம் பிள்ளைகள் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றனர். உற்று நோக்கினால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கதவு திறந்த ஆண்டு என்பது புலப்படும். அக்கதவு திறக்கப்படுமுன் வெளியே நின்றவர்கள் சிலர் இருந்தனர். உள்ளே இருந்துகொண்டு, "இவர்களுக்குப் படிப்பு எதற்கு?" என்று வினவியவர்களும் இருந்தனர். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கென்றார்கள். ஏழைக் கமக்காரனின் மகனுக்கு ஆங்கிலம் எதற்கென்றார்கள். வாவிக் கரைக் கிராமங்களுக்குப் பல்கலைக்கழகம் எதற்கென்றும் கேட்டார்கள். காலம் அவ்வினாக்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டது.

ஆயினும் இன்னும் ஒரு கூட்டம் வாசலிலே நிற்கின்றது. கண்ணொளி இழந்த பிள்ளைகள், செவி கேளாத பிள்ளைகள், யுத்தத்திலோ நோயிலோ கைகால் இழந்த பிள்ளைகள் ஆகியோரே அவர்கள். இவர்களுக்காகக் கதவு திறந்துதான் இருக்கின்றது. ஆனால் வாசற்படி உயரமாக இருக்கின்றது. அந்த வாசற்படியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

நான் கல்விமானல்லேன், ஓய்வுபெற்ற தபாலதிபர். இவ்விடயத்தில் எனக்குள்ள அறிவெல்லாம் என் தங்கையின் மகளால் வந்தது. ஒன்பதாம் வயதிலே அவளுடைய கண்ணொளி முற்றாகக் குன்றிவிட்டது. விசேட பாடசாலையொன்றிலே பிரெயில் எழுத்தைக் கற்றாள். பின்னர்ப் பார்வையுள்ள பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து உயர்தரம் வரை படித்தாள். வரலாறு அவளுக்குப் பிடித்த பாடம். பல்கலைக்கழக அநுமதிக் கடிதம் வந்த அன்று வீட்டிலே மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே குடிபுகுந்தன.

"அண்ணா, இவ்வளவு காலமும் நான் கையைப் பிடிச்சுக் கூட்டித்திரிஞ்ச பிள்ளை. இனி ஆர் பிடிக்கிற?" என்று தங்கை கேட்டாள்.

அதற்கு மருமகளே விடை சொன்னாள்: "கையைப் பிடிக்க ஆள் தேவையில்லை அம்மா. புத்தகத்தை வாசிக்கத்தான் ஆள் தேவை."

அவ்விடையிலே எவ்வளவு உண்மை அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே நாங்கள் அறிந்தோம். அவள் எந்தப் பல்கலைக்கழகத்திற் பயின்றாள் என்பதை இங்கே நான் எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் ஒரு வாசலுக்கு மாத்திரம் உரியனவல்ல.

முதற்குறை நூல்களைப் பற்றியது. விரல்நுனியால் தடவி வாசிக்கும் பிரெயில் முறையை உலகுக்கு அளித்தவர் லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுக்காரர். 1829 இல், தமது இருபதாம் வயதில், அம்முறையை நூலாக வெளியிட்டார். அவரும் சிறு வயதிலேயே கண்ணிழந்தவர். ஆறு புள்ளிகள், அவற்றை மாற்றி மாற்றி அமைத்தால் 63 குறிகள் கிடைக்கின்றன. தமிழும் அவற்றுள் அடங்கிவிடுகின்றது. இலங்கையிலே 1912 இல் மேரி சப்மன் அம்மையார் நிறுவிய இரத்மலானைப் பாடசாலையும், வடக்கிலே கைதடி நவீல்ட் பாடசாலையும் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துள்ளன. ஆனால் பாடசாலை நூல்களுக்குள்ள வசதி பல்கலைக்கழக நூல்களுக்கில்லை. அங்கே பாடநூல் ஒன்றல்ல, ஐம்பது. அவற்றை யார் பிரெயிலில் அச்சிடுவர்?

ஆகவே நானே வாசிப்பதென்று முடிவாயிற்று. மாலை நேரங்களில் வாவிக் கரையிலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நூல்களை உரக்க வாசித்துக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்து அவளுக்கு அனுப்பினேன். 300 பக்க நூலொன்றை உரக்க வாசிப்பதற்கு ஏறத்தாழ 15 மணித்தியாலம் வேண்டும். என் குரலுக்கிடையே தோணிக்காரரின் கூப்பிடு குரலும், கோயில் மணியும், காகங்களின் சண்டையும் பதிவாகிவிடும். "மாமா, அந்தக் காகத்தை நிப்பாட்ட வேணாம். விடுதியில அதைக் கேட்டாத்தான் எனக்கு ஊர் ஞாபகம் வருது" என்பாள். எனக்கு அது மகிழ்ச்சியே. எனினும் ஒரு கேள்வி என்னை விட்டகலவில்லை. ஓய்வூதியம் பெறும் மாமன் இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

கணினி அறிந்த நண்பரொருவர் இதற்கு ஒரு வழி சொன்னார். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றி வாசிக்கும் மென்பொருள்கள் இப்பொழுது உள்ளன. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது இலவசமாகவே கிடைக்கின்றது. அதனை 2006 இல் உருவாக்கத் தொடங்கியவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞரொருவர். அது தமிழையும் வாசிக்கும். எங்கள் துயரம் தீர்ந்தது என்றே எண்ணினோம்.

ஆனால் விரிவுரைக் குறிப்புகள் வந்தபோது வேறொரு புதுமை நிகழ்ந்தது. இலங்கையிலே தமிழ் தட்டெழுதுவோர் பலர் இன்றும் பாமினி என்னும் பழைய எழுத்துருவைப் பயன்படுத்துகின்றனர். அதிலே திரையிற் காண்பது தமிழெழுத்து. கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்று எழுதியிருக்கும் இடத்தில் இயந்திரம், "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று வாசிக்கும். இருபது பக்கமும் இவ்வாறே ஒலித்தால் கேட்பவர் நிலை யாது? வேறு சில குறிப்புகள் தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்பப்பட்டவை. இயந்திரத்துக்கு அவை வெறும் படங்கள். ஓர் எழுத்தும் இல்லாத வெற்றுத் தாள்கள். அதே குறிப்பை ஒருங்குறி எழுத்தில் தட்டெழுதியிருந்தால் ஒரு சதச் செலவுமின்றி அவள் வாசித்திருப்பாள். கட்டடம் இடிக்க வேண்டியதில்லை. புதிதாய் எவரையும் நியமிக்க வேண்டியதுமில்லை. எழுத்துருவை மாற்றினாற் போதும். எவரும் தீங்கு நினைத்து அப்படிச் செய்யவில்லை. அவ்வகுப்பில் இப்படி ஒரு வாசகி இருக்கின்றாள் என்பதை நினைவூட்ட ஒரு விதி இருக்கவில்லை, அவ்வளவே.

இரண்டாங்குறை பரீட்சையைப் பற்றியது. பார்வையற்ற மாணவர் விடையைச் சொல்ல, வேறொருவர் அதனை எழுதுவது வழக்கம். எழுதுபவர் அப்பாடத்தைக் கல்லாதவராக இருத்தல் வேண்டும். இல்லையேல் விடை எவருடையது என்ற ஐயம் எழும். இது நேர்மையான ஏற்பாடே. ஆனால் அதன் விளைவைக் கேளுங்கள். ஒரு நாள் மருமகள் 1931 ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பைப் பற்றி விடை சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று காலையிலேதான் முதன்முறையாகச் சந்தித்த எழுத்தாளர், தாம் கேள்விப்பட்டிராத அப்பெயரைத் 'தொண்ணூறு' என்றே எழுதிக்கொண்டு போனார். இரண்டு பக்கம் முடிந்தபின் திருப்பி வாசிக்கச் சொன்னபோதுதான் அது தெரியவந்தது. திருத்தி முடிப்பதற்குள் நேரம் போயிற்று. கடைசி வினா பாதியிலே நின்றது. பெறுபேறு வந்தபோது, அவள் மிக விரும்பிய பாடத்திலேயே புள்ளி மிகக் குறைந்திருந்தது. விசேட பட்டப்படிப்புக்குத் தெரிவாவதற்கு அப்பாடத்தின் புள்ளி இன்றியமையாதது. ஒரு பெண்ணின் எதிர்காலம் ஒரு பெயரின் எழுத்துக்கூட்டலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மிகை நேரம் கொடுப்பது ஏனைய மாணவருக்கு அநீதியன்றோ என்று சிலர் கேட்பர். அவர்கள் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு பரீட்சை எழுதிப் பார்க்கட்டும். வினாவை ஒருவர் வாசிக்கக் கேட்க வேண்டும்; அதனை மனத்திற் பதிக்க வேண்டும்; விடையை மனத்துள்ளேயே ஒழுங்குபடுத்த வேண்டும்; எழுதுபவரின் வேகத்துக்கு இறங்கிச் சொல்ல வேண்டும்; ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும்; முன் எழுதியதை மீண்டும் வாசிப்பிக்க வேண்டும். கண்ணுள்ளவர் ஒரு பார்வையிற் செய்வதற்கு இவ்வளவும் வேண்டியிருக்கின்றது. இந்தியாவிலே 2013 இல் அரசு வெளியிட்ட நெறிமுறைகள் ஒரு மணித்தியாலத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத ஈட்டு நேரம் வழங்கப் பணித்தன. பிரித்தானியாவிலே காற்பங்கு மிகை நேரம் கொடுப்பது பொதுவான வழக்கம். வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்றே. திருத்தும் அளவுகோலும் ஒன்றே. அவற்றைத் தளர்த்துமாறு என் மருமகள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவும் விரும்பமாட்டாள்.

அவள் கேட்டவை நான்கே: எழுதுபவரைப் பரீட்சைக்கு முன்னரே அறிமுகப்படுத்தி இரண்டு நாள் பயிற்சிக்கு இடமளித்தல், தனியறை, திருப்பி வாசிப்பதற்கும் போதுமான மிகை நேரம், குறிப்புகளை ஒருங்குறி எழுத்தில் தருதல். இவற்றை எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குச் சென்றாள். அங்கிருந்த உத்தியோகத்தர் கெட்டவரல்லர்; அவளிடம் மிகுந்த இரக்கமுடையவர். "பிள்ளை, உமக்கு இரங்கித்தானே இவ்வளவும் செய்யிறம். இன்னும் என்ன வேணும்?" என்றார்.

"எனக்கு இரங்க வேண்டாம் சேர். விதியை எழுதித் தாருங்கள், அது போதும்" என்றாளாம் மருமகள்.

இதனை அவள் தொலைபேசியிற் சொன்னபோது நான் சற்றுத் திடுக்கிட்டேன். பெரியவரிடம் இவ்வாறு பேசலாமா என்று தங்கையும் கடிந்துகொண்டாள். ஆனால் சில மாதங்களில் அவ்வுத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவரோடு அவருடைய இரக்கமும் சென்றது. அடுத்து வந்தவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டுகள் அரசாங்க உத்தியோகத்திற் கழித்த எனக்கு அப்போதுதான் அவள் சொன்னதன் பொருள் விளங்கிற்று. தபாற் கந்தோரிலே ஏழைக் கிழவியின் காசுக்கட்டளை உரிய நாளில் வந்து சேர்வது தபாலதிபரின் நல்ல மனத்தால் அன்று. புத்தகத்தில் எழுதப்பட்ட ஒழுங்கினால். அவர் நல்லவராயிருந்தால் ஒரு புன்னகையும் சேர்ந்து வரும். புன்னகை இல்லாவிடினும் காசு வந்தேயாக வேண்டும்.

விதி இல்லாமலும் இல்லை, நாட்டளவில் இருக்கின்றது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்னும் காரணத்தால் எவருக்கும் கல்வி நிறுவனத்தில் அநுமதி மறுத்தலாகாது என்கின்றது. பொதுக் கட்டடங்கள் எல்லாரும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டுமென 2006 இல் ஒழுங்குவிதிகள் வந்தன. அவை ஏட்டளவில் நின்றுவிடலாகாதென, சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த அஜித் பெரேரா என்பவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2011 இல் புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளைப் பின்பற்ற வேண்டுமென நீதிமன்றம் பணித்தது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 24 ஆம் உறுப்புரை உயர்கல்வியிலும் நியாயமான இசைவாக்கம் அளிக்கப்பட வேண்டும் என்கின்றது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் இத்தகைய மாணவருக்கு விசேட அநுமதி வழி ஒன்றை வைத்திருக்கின்றது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏதோ ஒரு வகையில் வலுக்குறைவுடையோர் இந்நாட்டில் ஏறத்தாழ 16 இலட்சம். இத்தனை பேருக்காக எழுதப்பட்ட சட்டம் ஒரு துறையின் அறிவித்தற் பலகை வரை வந்து சேர்வதற்குள் களைத்துப்போகின்றது.

அயல்நாட்டுச் செய்தியொன்றும் இங்கே பொருந்தும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய விகாஷ் குமார் என்னும் இளைஞருக்கு, ஆட்சிப் பணிப் பரீட்சையிலே எழுத்தாளர் மறுக்கப்பட்டது. சட்டத்தில் குறித்த அளவு ஊனம் அவருக்கில்லை என்பது காரணம். 2021 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தேவை என்பது நூற்றுவீதத்தால் அளக்கப்படுவதன்று. அவருக்கும் எழுத்தாளர் உண்டு என்று தீர்த்தது. சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் அம்மையார், முற்றும் பார்வையற்றவர், 2015 இல் இந்திய வெளிநாட்டுப் பணியிற் சேர்ந்தார். அவரைப் போன்றோரின் அறிவு திடீரென 2015 இல் தோன்றியதன்று. அது முன்னரும் இருந்தது; அதனை வெளிக்கொணரும் வழியே பிந்தி வந்தது.

இவ்வுதவிகளை நாம் 'சலுகை' என்று அழைக்கிறோம். அச்சொல் எனக்கு இப்போது உவப்பாயில்லை. எழுவான்கரையிலே வாழும் நாம் படுவான்கரை மக்களின் துன்பத்தை அறிவோம். மண்முனைத் துறையில் இயந்திரப் படகுப் பாதைக்காக மாணவரும் நோயாளரும் காத்துக் கிடந்த காலம் நெடியது. 2014 ஏப்ரலில் அங்கே பாலம் திறக்கப்பட்டது. அதனைப் படுவான்கரையாருக்கு அளித்த சலுகை என்று எவரும் சொன்னதில்லை. நேரே போக வழியில்லாதிருந்த இடத்தில் வழி அமைத்தார்கள். அக்கரையார் நம்மைப்போலவே நடந்து வருகின்றனர். இன்று அப்பாலத்தால் இக்கரையாரும் பயன் பெறுகின்றனர் அல்லவா? ஒருங்குறியில் எழுதிய குறிப்பும் அவ்வாறே. பார்வையற்ற ஒருத்திக்காகத் தட்டெழுதியதை, வகுப்பு முழுவதும் தேடிப் படிக்கலாம்.

பாலங் கட்டுவோர் அளவறிந்து கட்டவேண்டும். எங்கள் பகுதியிலே மாரிவெள்ளத்துக்கு அஞ்சி அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுவது வழக்கம். 2011 சனவரி வெள்ளத்தைக் கண்டவர்கள் அதனைக் குறைகூறார். ஆனால் உயரம் 1 அடியானால் சாய்தளத்தின் நீளம் 12 அடி வேண்டும் என்பது உலகெங்கும் வழங்கும் கணக்கு. 2 அடி அத்திவாரத்துக்கு 24 அடி. நாமோ பல இடங்களில் 5 அடியிலே ஒரு சாய்வைக் கட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்கிறோம். அதில் மோட்டார் சைக்கிளை ஏற்றலாம். சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை தானாக ஏற முடியாது. அதேபோல, செவி கேளாத மாணவர் விரிவுரையாளரின் உதடுகளைப் பார்த்துத்தான் பொருள் கொள்கின்றார். விரிவுரையாளர் கரும்பலகையை நோக்கித் திரும்பிப் பேசும் நேரமெல்லாம் அவருக்கு மௌனமே. திரும்பி நின்று பேசுவதற்குப் பணம் வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத குறைகளும் உண்டு. எழுத்துக்கள் இடம்மாறித் தோன்றும் பிள்ளைக்கும், மனநோயிலிருந்து மீண்டுவரும் பிள்ளைக்கும் வேண்டியது வேறு வகையான ஒழுங்கு.

மருமகளின் செய்தியைக் கேட்க நேயர்கள் விரும்பலாம். அவள் விடவில்லை. நான்கு வேண்டுகோளையும் எழுதி, சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் குறித்து, துறைத் தலைவர் வழியாக அனுப்பினாள். உடன்பயிலும் மாணவர் முப்பதுக்கு மேற்பட்டோர் அதன் கீழ்க் கையொப்பமிட்டனர். அடுத்த பரீட்சையின்போது எழுத்தாளருக்கு இரண்டு நாட் பயிற்சி கிடைத்தது. டொனமூரும் சோல்பரியும் பிழையின்றி எழுதப்பட்டனர். இழந்த புள்ளியை ஈடுசெய்ய அவள் அப்பாடத்தை மீண்டும் எழுதினாள். விசேட பட்டப்படிப்புக்கும் தெரிவானாள். ஓராண்டு பிந்திவிட்டது. அவ்வோராண்டு அவளுடைய குற்றத்தால் இழந்ததன்று.

அதைவிட முக்கியமானது வேறொன்று. அவளுக்கு அடுத்த வருடம் செவிப்புலன் குறைந்த மாணவனொருவன் அங்கே வந்தான். அவனுக்கும் எல்லாம் முதலிலிருந்தே தொடங்கவிருந்தது. இவள் தன் கடிதத்தின் பிரதியை அவனிடம் கொடுத்து, "இதில என்ர தேவையை வெட்டிப்போட்டு உன்ர தேவையை எழுது" என்றாள். இப்பொழுது அத்துறையிலே ஒரு பக்க அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கின்றதாம்: விசேட தேவையுடையோர் தவணை தொடங்கி இரு வாரத்துக்குள் இன்னாரிடம் எழுத்திற் கொடுக்க வேண்டும், விடையும் எழுத்தில் வழங்கப்படும் என்று. ஒரே ஒரு பக்கந்தான். அதனை ஒட்டுவதற்கு ஒரு பெண்பிள்ளையின் ஓராண்டு செலவாயிற்று.

ஆகவே பெற்றாருக்கு ஒன்று சொல்வேன். வீட்டிலே இத்தகைய பிள்ளை இருந்தால், பாதுகாப்பென்று எண்ணி உயர்தரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மருத்துவச் சான்றிதழ்களை ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள். பாடசாலையிலும் பரீட்சையிலும் பெற்ற உதவிகளுக்கான கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். பல்கலைக்கழகத்திலே அவையே உங்கள் சாட்சிகள். மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் வகுப்பிலே இப்படி ஒருவர் இருந்தால், அவருக்காகப் பரிதாபப்படுவதற்குமுன், உங்கள் குறிப்பை அவர் வாசிக்கக்கூடிய எழுத்தில் தட்டெழுதிக் கொடுங்கள். மாதத்துக்கு இரண்டு மணித்தியாலம் ஒரு நூலை உரக்க வாசித்துப் பதிவு செய்யுங்கள். அவர் விண்ணப்பம் எழுதும்போது உங்கள் பெயரையும் கீழே எழுதுங்கள்.

நான் இப்பொழுதும் மாலை வேளையில் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பதிவுகளை ஒருவருக்கு மாத்திரம் அனுப்புவதில்லை. கேட்ட மாணவர்களுக்கெல்லாம் அனுப்புகிறேன். இவ்வாரம் ஓர் இளைஞன் பொருளியல் நூலொன்றைக் கேட்டிருக்கின்றான். பாடம் எனக்கு விளங்கவில்லை; அவனுக்கு விளங்கினாற் போதும்.